கடைசிப் பக்கத்துக் கட்டம்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். கோபமாக இருக்கிறேன், ஆனால் நலம். அண்ணியின் முட்டிவலி எப்படி இருக்கிறது? உங்கள் ரத்த அழுத்தம் "பரவாயில்லை" என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். முப்பத்தைந்து வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர் எண் போடாமல் எழுதினால், எண் சரியில்லை என்று அர்த்தம். இந்த முறை எண்ணைப் போடுங்கள்.

இது போனில் சொல்லிவிடக்கூடிய விஷயம்தான். ஆனால் போன் என்றால் நம் இருவருக்கும் வாய் முந்திக்கொள்ளும். அப்பாவின் வீட்டை விற்றபோது பட்டது போதும். முக்கியமானதை எழுதித்தான் பேசுவது என்று அன்றைக்கு நீங்கள் போட்ட விதியை இன்னும் மதிக்கிறேன்.

நான் ஆசிரியராக இருக்கும் எங்கள் பல்கலைக்கழக ஆய்விதழுக்கு ஒரு கட்டுரை வந்திருக்கிறது. இங்கேயே ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஒரு விரிவுரையாளர் எழுதியது. வாளியும் கயிறுமாகக் கிணறு கிணறாக அலைந்ததால் துறையில் அவளுக்கு வாளிக்காரி என்று பெயர். கேலிக்கு வைத்தார்கள், அவள் அதையே ஒரு அட்டையில் எழுதித் தன் கதவில் ஒட்டிவிட்டாள். பேட்டரி ஆலையைச் சுற்றி நாற்பது கிணறுகளில் தண்ணீர் எடுத்திருக்கிறாள். முப்பத்தாறின் முடிவுகள் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றில் இருபத்தொன்பதில் ஈயம், குடிக்கவே கூடாத அளவுக்கு. அதைத்தான் அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குடிக்கிறார்கள். மதிப்பீட்டாளர்கள் இரண்டு பேருமே "வெளியிடலாம்" என்று எழுதிவிட்டார்கள்.

நேற்று பதிவாளர் என் அறைக்கே வந்தார். நூலகப் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிற அறை உங்களுக்குத் தெரியுமே. பதினாறு வருடத்தில் அவர் அங்கே வந்தது இதுதான் முதல் முறை, தலையை இடித்துக்கொண்டார்.

"கட்டுரை நல்லா இருக்காம்மா?"

"நல்லா இருக்கு சார். மார்ச் இதழ்ல வருது."

"மார்ச்லதான் வரணுமா? புது ஆய்வுக்கூடத்த யாரு கட்டித் தர்றாங்கன்னு தெரியும்ல?"

தெரியும். பேட்டரி ஆலையின் அறக்கட்டளை.

"கட்டடம் எழும்புறதுக்குள்ள கிணத்தத் தோண்டாதீங்கம்மா" என்று சொல்லித் தானே சிரித்தார். வெளியே போகும்போது மறுபடியும் தலையை இடித்துக்கொண்டார். நேற்றைய தினத்தில் எனக்குக் கிடைத்த ஒரே திருப்தி அது.

உங்களிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். கட்டுரையில் "நான்கு மாதிரிகள் விலக்கப்பட்டன" என்று ஒரு வரிதான் இருக்கிறது. காரணத்தை எனக்குத் தனியாக எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறாள். வேன் ரயில்வே கேட்டருகே நின்றுபோனதாம். அமிலமும் ஐஸ் பெட்டியும் இன்னொரு வண்டியில் போய்விட, அந்த நான்கு பாட்டில்களும் ஓட்டுநரின் சாப்பாட்டுப் பைக்குள் ஒன்றரை நாள் கிடந்தனவாம். "உங்களுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது" என்று எழுதியிருக்கிறாள். என் மேசையை விட்டு வெளியே போகக் கூடாத கடிதம். உங்களிடம் சொல்வது வெளியே போவதில் சேராது என்று நினைத்துச் சொல்கிறேன். இதனால் மற்ற முப்பத்தாறுக்கும் பழுது உண்டா?

அண்ணிக்கு என் அன்பு.

கடுகு


ஜனவரி 22

அன்புத் தங்கை கடுகுக்கு,

நூற்று நாற்பத்தெட்டு, தொண்ணூற்றிரண்டு. போதுமா? அண்ணியின் முட்டி படி ஏறும்போது மட்டும் பேசுகிறது. அவள் வாய் எல்லா நேரமும் பேசுகிறது. இதை அவள் கண்ணில் காட்டாமல் நானே தபாலில் போடப்போகிறேன்.

உன் சந்தேகத்துக்கு வருகிறேன். பழுது கிடையாது. அமிலம் சேர்க்கத் தாமதமானால் ஈயம் பாட்டிலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். அப்போது கருவி குறைவாகத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. அந்த நான்கையும் சேர்த்திருந்தால் ஆலைக்குத்தான் லாபம். அவள் சேர்க்கவில்லை. சாப்பாட்டுப் பையில் கிடந்ததை உன்னிடம் வேறு சொல்லியிருக்கிறாள். இப்படிப்பட்ட மாணவிகள் எனக்கு முப்பத்தைந்து வருடத்தில் இரண்டு பேர்கூடக் கிடைக்கவில்லை. கட்டுரையைப் போடு. பதிவாளர் தலையை இன்னும் நாலு தடவை இடித்துக்கொள்ளட்டும்.

என்னைக் கேட்டால், ஓய்வு என்பது ஒரு வியாதி. போன வாரம் துறைக்குப் போயிருந்தேன். என் அறைக் கதவில் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள். திருகு போட்ட நாலு ஓட்டை மட்டும் இருக்கிறது. உள்ளே ஒரு பையன் உட்கார்ந்து, "யார் சார் வேணும்?" என்று என்னைக் கேட்டான். "யாருமில்லப்பா" என்று திரும்பிவிட்டேன். வீட்டில் காலையில் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டு, மத்தியானம் கழற்றி வைக்கிறேன். அண்ணி கண்டும் காணாததுபோல இருக்கிறாள். அவள் அப்படி இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

கோபத்தைக் குறைக்காதே; சத்தத்தைக் குறை.

உன் அண்ணன்


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். பல்லைக் கடிக்க வேண்டிய நேரத்தில் எடுத்துப் படிக்கிறேன். அந்த நாலு ஓட்டையை நினைத்து வருத்தப்பட்டேன். இஸ்திரி போட்ட சட்டையோடு இங்கே வந்து பத்து நாள் இருங்கள். அண்ணியையும் கூட்டி வாருங்கள். எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் இருக்கிறது, முட்டி பேசாது.

நேற்று துணைவேந்தர் அறையில் ஆசிரியர் குழுக் கூட்டம். ஏழு பேர் குழுவில் எட்டாவதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறக்கட்டளைக்காரர். இனி இதழை அச்சடிக்கும் செலவு முழுவதும் அவர்களுடையதாம். வண்ண அட்டையாம், வழவழப்பான தாளாம். "நாங்க எதுலயும் தலையிட மாட்டோம் மேடம். குழுவுல ஒரு நாற்காலி, அவ்வளவுதான்" என்றார். தலையிடாதவருக்கு நாற்காலி எதற்கு என்று கேட்டேன். துணைவேந்தர் குறுக்கே வந்தார்.

"இதழ் யாரோடதும்மா?"

"பல்கலைக்கழகத்தோடது சார்."

"அப்ப பல்கலைக்கழகம் ஒண்ணு சொன்னா கேக்கணுமா, வேணாமா?"

"காகிதம் உங்களோடது, மை உங்களோடது, நான் உக்கார்ற படிக்கட்டு உங்களோடது சார். எந்தக் கட்டுரை வரணும்ங்கிறது ஆசிரியர் குழுவோடது. இதழோட விதிமுறைல அப்படித்தான் இருக்கு. முப்பது வருஷம் முன்னாடி உங்க நாற்காலில இருந்தவர்தான் கையெழுத்துப் போட்டிருக்காரு."

"அதாவது, வீடு என்னோடது, அடுப்பு மட்டும் உங்களோடது?"

"பத்த வைக்கிறது நான்தானே சார்."

குழுவில் மற்ற ஆறு பேரும் டீக் கோப்பைக்குள் எதையோ தொலைத்துவிட்டதுபோலத் தேடிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் எனக்குப் பாடம் எடுத்தவர்கள், அல்லது என்னோடு படித்தவர்கள். நாற்காலித் தீர்மானம் நிறைவேறியது.

அடுத்து வாளிக்காரியின் கட்டுரை. மூன்றாவது மதிப்பீட்டாளர் ஒருவரைப் பதிவாளரே நியமிப்பாராம். பெயர் எனக்குக்கூடத் தெரியாதாம். நான் எதிர்த்திருக்க வேண்டும். எதிர்க்கவில்லை, அண்ணா. உங்கள் கடிதம் இழுப்பறையில் இருந்த தைரியம். நேர்மையான வேதியியல்காரர் யாராக இருந்தாலும் உங்களைப்போலத்தானே சொல்வார், சொல்லட்டுமே, அதையும் சேர்த்து அவர்கள் முகத்தில் எறியலாம் என்று நினைத்தேன்.

இன்னொன்று. ஆண்டின் முதல் இதழில் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட வேண்டும் என்பது விதி. உரிமையாளர் யார், வெளியிடுபவர் யார், அச்சிட்டவர் யார், ஆசிரியர் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்று. அடியில் "மேற்கண்டவை நாங்கள் அறிந்தவரை உண்மை" என்று நானும் பதிவாளரும் கையெழுத்துப் போடுவோம். முப்பது வருடமாக வருடத்தை மட்டும் மாற்றி அச்சடிக்கிறோம். யாரும் அதைப் படித்ததில்லை; பதிவாளர் போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போடுவார். இந்த வருடம் "நிதி" என்ற இடத்தில் அறக்கட்டளையை எழுத வேண்டும். என் கையாலேயே.

மூன்றாவது மதிப்பீடு வரும்வரை மார்ச் இதழை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

கடுகு


மார்ச் 6

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்துக்கு உடனே எழுத முடியவில்லை. நலம். அண்ணியும் நலம்.

ஒரு மையத்தில் ஆலோசகராக இருக்கக் கேட்டார்கள்; ஒப்புக்கொண்டேன். வாரத்துக்கு மூன்று நாள். தனி அறை, கிழக்குப் பார்த்த சன்னல். மேசை பெரியது, என் புத்தகங்கள் எல்லாமே கொள்ளும். கதவில் பெயர்ப்பலகை போட்டுவிட்டார்கள், பித்தளை. காலையில் வெயில் நேராக அதன்மேல் விழுகிறது.

நீ கொஞ்சம் வளைந்து கொடுத்தால் தவறில்லை. ஒரு கட்டுரை ஓர் இதழ் தள்ளி வந்தால் உலகம் முடிந்துவிடாது. நிறுவனங்களுக்கும் சிரமங்கள் இருக்கின்றன. உள்ளே இருந்து பார்த்தால்தான் தெரிகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மார்ச் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

பெயர்ப்பலகைக்கு வாழ்த்துகள். மனதாரச் சொல்கிறேன். அண்ணிக்கு வீட்டில் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கும்.

ஆனால் எந்த மையம் என்று நீங்கள் எழுதவில்லை. ரத்த அழுத்தமும் எழுதவில்லை. என்னை எப்போதும் போலக் கடுகு என்று கூப்பிடவும் இல்லை. பதவி வந்ததும் தங்கைக்குப் பட்டப்பெயர் போய்விட்டதா?

வாளிக்காரியின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. வருடா வருடம் பிப்ரவரியிலேயே புதுப்பித்துவிடுவார்கள். இந்த முறை கோப்பைக் காணோமாம். நேற்று என் அறைக்கு வந்தாள். இருக்கிற ஒரே நாற்காலியில் மெய்ப்பு பார்க்க வந்த அச்சுத்தாள் கட்டு இருந்ததால் படிக்கட்டின் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம், கட்டுரைய வாபஸ் வாங்கிக்கட்டுமா? உங்களுக்குத் தொந்தரவு வேணாம்."

"உனக்கு என்ன தோணுது?"

"எனக்கா? அந்தப் பன்னெண்டாவது கெணத்து வீட்டுல ஒரு அம்மா, 'டீச்சர், தண்ணி நல்லாருக்கா?'ன்னு கேட்டாங்க. ரிசல்ட் வந்ததும் சொல்றேன்னு சொல்லிட்டு வந்தேன். எட்டு மாசம் ஆச்சு. அந்தப் பக்கம் போற பஸ்லகூட ஏறுறதில்ல."

அவளை வாபஸ் வாங்க விடவில்லை. இதழில் வந்தால்தான் அந்த அம்மாவுக்குச் சொல்கிற பதிலுக்கு ஒரு பலம் இருக்கும். இல்லாவிட்டால் வாளி தூக்கிக்கொண்டு திரிகிற ஒருத்தியின் பேச்சு. "நேர்மையான ஒரு ஆள் படிச்சாப் போதும், முடிஞ்சுது" என்று அவளுக்குத் தைரியம் சொல்லி அனுப்பினேன். உங்களை நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

"உள்ளே இருந்து பார்த்தால்" என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்குள்ளே இருந்து?

கடுகு


ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

வெயில் கடுமையாக இருக்கிறது. நிறையத் தண்ணீர் குடி. அண்ணிக்கு முட்டிக்குப் புது மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

அந்தக் கட்டுரையைப் பற்றி இனி எனக்கு எழுத வேண்டாம். நான் வெளியாள். உங்கள் இதழின் உள்விவகாரம் எனக்குத் தெரிவது முறையல்ல. முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அண்ணன்


ஏப்ரல் 19

மூன்றாவது மதிப்பீட்டாளர் அவர்களுக்கு,

தங்கள் மதிப்பீடு நேற்று பதிவாளர் மூலம் கிடைத்தது. பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. நாலு பக்கம், நன்றாகத் தட்டச்சு செய்யப்பட்டது. மூன்றாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "ஓட்டுநரின் சாப்பாட்டுப் பையில் ஒன்றரை நாள் கிடந்த பாட்டில்களைக் கையாண்ட அதே கைகள்தான் மற்ற மாதிரிகளையும் கையாண்டிருக்கின்றன என்பதால், முடிவுகள் எதையும் நம்புவதற்கில்லை."

சாப்பாட்டுப் பை கட்டுரையில் இல்லை, அண்ணா. அட்டவணையிலும் இல்லை, அடிக்குறிப்பிலும் இல்லை. உலகத்தில் அதை அறிந்தவர்கள் நான்கே பேர். ஓட்டுநர், வாளிக்காரி, நான், நீங்கள். ஓட்டுநர் மதிப்பீடு எழுதவில்லை.

அதை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். மேலே படிக்கட்டில் மாணவர்கள் ஏறி இறங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் ஆத்திரம் என் மேல்தான் வந்தது. அந்தப் பெண் என்னை நம்பி எழுதியதை நான் உங்களுக்கு எழுதினேன். சந்தேகம் கேட்டேன் என்பது பாதி உண்மைதான். நான் எவ்வளவு நல்ல கட்டுரையைப் பிடித்திருக்கிறேன் பாருங்கள் என்று உங்களிடம் சபாஷ் வாங்க வேண்டும்; நாற்பத்து நாலு வயதிலும் அந்த ஆசை போகவில்லை. அதற்கு நான் கொடுத்த விலை அவளுடைய ரகசியம். இந்தப் பிழைக்கு நான் பதில் சொல்வேன்.

உங்கள் பிழைக்கு நீங்கள் சொல்லுங்கள். என் இழுப்பறையில் உங்கள் ஜனவரிக் கடிதம் இருக்கிறது. ஈயம் சுவரில் ஒட்டும், கருவி குறைத்துத்தான் காட்டும், இப்படி ஒரு மாணவி எனக்குக் கிடைக்கவில்லை என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் வேதியியல் மாறிவிட்டதா? இல்லை, கதவில் ஒரு பலகை வந்ததா? அது எந்த மையம் என்று நான் கேட்டதற்குப் பதில் வராதபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்துகொள்ள மனம் வரவில்லை.

கட்டுரை எந்த இதழுக்கு வந்தது என்று முதல் பக்கத்திலேயே இருக்குமே. எடுத்த எடுப்பிலேயே தெரிந்திருக்குமே. "இது என் தங்கையின் இதழ், நான் பார்க்கக் கூடாது" என்று திருப்பி அனுப்ப ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

இதழ் மே 10 அன்று அச்சுக்குப் போகிறது. அதற்குள் பதிவாளருக்கு ஒரு வரி எழுதுங்கள்: "என் மதிப்பீட்டைத் திரும்பப் பெறுகிறேன்." காரணம் எழுத வேண்டாம். அந்த ஒரு வரி போதும்.

உங்கள் உடல்நலம் விசாரிக்க இன்று மனம் வரவில்லை. அண்ணியின் முட்டி எப்படி இருக்கிறது?

ஆசிரியர்


மே 12

அண்ணனுக்கு,

பத்தாம் தேதி போய்விட்டது. அச்சகக்காரரிடம் கெஞ்சிப் பத்து நாள் வாங்கியிருக்கிறேன். வாளிக்காரியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவள்மேல் ஆய்வு முறைகேடு என்று விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். முதல் ஆவணம் உங்கள் நாலு பக்கம்.

கடிதம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டையில் உங்கள் கையெழுத்து இருக்கிறது.


மே 18

அன்புள்ள நாத்தனாருக்கு,

இருவரும் நலம் என்று எழுத வேண்டும் என்பது வழக்கம். நான் நலம். உன் அண்ணன் சாப்பிடுகிறார், தூங்குகிறார், பேசுவதில்லை.

உன் ஏப்ரல் கடிதம் வந்த அன்றைக்குத்தான் எல்லாம் எனக்கும் தெரிந்தது. அந்த மையம் பேட்டரி ஆலையின் அறக்கட்டளை நடத்துவதுதான். பிப்ரவரிக் கடைசியில் அறை கொடுத்தார்கள். அன்றைக்கு அவர் நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும், கல்யாண மாப்பிள்ளைபோல. இரண்டு வாரம் கழித்துத்தான் ஒரு கவர் வந்ததாம். "உங்க துறைதானே சார், சும்மா ஒரு பார்வை பாருங்க" என்றார்களாம். மாட்டேன் என்றால் அறை போய்விடும் என்று யாரும் சொல்லவில்லையாம். அவராகவே நினைத்துக்கொண்டாராம். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. மிரட்டிப் பணிய வைத்திருந்தால்கூட மனசு ஆறும்.

"உங்க தங்கச்சி இதழ்னு தெரியுமில்ல?" என்று கேட்டேன்.

"அவ எப்படியும் சமாளிச்சுக்குவா" என்றார்.

"அந்தப் பொண்ணு?"

செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார்.

நீ கேட்ட அந்த ஒரு வரியை எழுதினார். மூன்று தடவை. மூன்றையும் கிழித்தார். குப்பையிலிருந்து பொறுக்கி ஒட்டி உனக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். பிறகு, அவர் கையால் வராதது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

நீ செய்ய வேண்டியதைச் செய். எனக்காக எதையும் விட்டுக்கொடுக்காதே. என் முட்டிக்காகவும் விட்டுக்கொடுக்காதே. இந்தக் கடிதத்தை யாரிடம் காட்ட வேண்டுமானாலும் காட்டு.

அண்ணி


மே 30

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. அண்ணனின் ஜனவரிக் கடிதத்தையும் காட்டவில்லை. என்னை நம்பி எழுதியதை ஒரு தடவை வெளியே விட்டது போதும். இனி வாழ்நாளில் செய்யமாட்டேன். கட்டுரையை எடுக்கச் சொல்லிக் குழு தீர்மானம் போட்டுவிட்டது. எடுத்துவிட்டேன். என் அதிகாரத்தில் மிஞ்சியது கடைசிப் பக்கத்துக் கட்டம் மட்டும்தான். அதில் இருப்பது உண்மை என்று கையெழுத்துப் போடுகிறவள் நான். அதனால் உண்மையை எழுதினேன்.

மதிப்பீட்டாளர் யார் என்று சொல்லக் கூடாது என்பது நான் பதினாறு வருடம் காத்த விதி. ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். பயமில்லாமல் உண்மையைச் சொல்லட்டும் என்று போட்ட திரை அது. அதற்குப் பின்னால் நின்று பொய் சொன்னவருக்கும் அது காவலா? பெயரைப் போடவில்லை. உறவைப் போட்டேன்.

மெய்ப்பை எடுத்துக்கொண்டு பதிவாளரிடம் போனேன். போனில் இருந்தார்.

"சார், படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"அதே பக்கந்தானேம்மா?"

"இல்ல சார். இந்த வருஷம் விவரம் மாறியிருக்கு."

"மாறாம இருக்குமா? வருஷமே மாறிடுச்சே" என்று சிரித்துக்கொண்டே போட்டார். பேனாவை மூடிக்கூட வைக்கவில்லை. நான் இன்னொரு தடவை சொன்னேன்: "படிங்க சார்." கையை ஆட்டி என்னைப் போகச் சொன்னார்.

அச்சகக்காரர் மட்டும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

"மேடம், இதுல அச்சிட்டவர்னு என் பேரும் இருக்கு."

"இருக்கு. உங்களுக்குக் கஷ்டம்னா சொல்லுங்க, வேற இடத்துல பாத்துக்கறேன்."

"பல்கலைக்கழக வேலை போயிடும்."

"போயிடும்."

மெய்ப்பை இயந்திரத்தின்மேல் விரித்துவைத்தார். "என் மச்சினி வீடு அந்த ஆலைக்குப் பின்னாடிதான்" என்றார். "எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கே, பெருசு பண்ணட்டுமா?"

அச்சிட்டவர், ஆசிரியர் பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன், கட்டம் இப்படி வந்திருக்கிறது:

உரிமையாளர்: பல்கலைக்கழகம். வெளியிடுபவர்: பதிவாளர். நிதி: இந்த ஆண்டு முதல், பேட்டரி ஆலையின் அறக்கட்டளை. ஆசிரியர் குழுவில் அதற்கு ஓர் இடம் உண்டு.

இந்த இதழில் வராதது: அந்த ஆலையைச் சுற்றியுள்ள கிணறுகளில் ஈயம் இருப்பது பற்றிய கட்டுரை. இரண்டு மதிப்பீட்டாளர்கள் வெளியிடலாம் என்றனர். மூன்றாமவரை உரிமையாளர் சார்பில் பதிவாளர் நியமித்தார். அவர் அறக்கட்டளையின் ஆலோசகர். இதழாசிரியரின் உடன்பிறந்த அண்ணன். கட்டுரையாளர் தனிப்பட எழுதியதை அவருக்குச் சொன்னவர் இதழாசிரியர். அது இதழாசிரியரின் குற்றம், கட்டுரையாளருடையது அல்ல.

மேற்கண்டவை நாங்கள் அறிந்தவரை உண்மை.

நேற்று இதழ் எல்லா நூலகங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. இன்று மத்தியானம் என் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். வாங்க வந்தவரும் தலையை இடித்துக்கொண்டார். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாளிக்காரியிடம் நானே போய்ச் சொன்னேன், அவள் கடிதத்தை யாருக்கு எழுதினேன் என்று. "ரெண்டாவது தடவ உங்கள நம்பச் சொல்லாதீங்க மேடம்" என்றாள். கட்டுரையை வேறு இதழுக்கு அனுப்பியிருக்கிறாள். விசாரணை நிற்கவில்லை. அந்த நாலு பக்கம் இருக்கும்வரை நிற்காது.

மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 24

அன்புத் தங்கை கடுகுக்கு,

இதழ் கிடைத்தது. கடைசிப் பக்கம் படித்தேன்.

ஒரு பிழை இருக்கிறது. "அறக்கட்டளையின் ஆலோசகர்" என்பதை "முன்னாள் ஆலோசகர்" என்று திருத்த வேண்டும். ஜூன் 14 முதல். பலகையை நானே கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

ரத்த அழுத்தம் பரவாயில்லை.

அண்ணன்


ஜூலை 3

அண்ணனுக்கு,

பிழை இல்லை. கட்டம் அச்சான அன்றைக்கு நீங்கள் ஆலோசகர்தான். அச்சான பிறகுதான் கழற்றினீர்கள். திருத்தம் போட இப்போது என்னிடம் இதழும் இல்லை.

பலகையைக் கழற்றியது உங்களுக்கும் உங்கள் கதவுக்கும் நடுவில் உள்ள விஷயம். அதைக் கேட்டு நான் அழுவேன் என்று நினைத்திருந்தால், அழுதேன். ஆனால் அதனால் அவளுக்கு என்ன? உங்கள் நாலு பக்கம் இன்னும் விசாரணைக் குழுவின் மேசைமேல்தான் இருக்கிறது. இந்த மாதம் இருபதாம் தேதி அவளைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேள்வி கேட்கப்போகிறார்கள், சாப்பாட்டுப் பையைப் பற்றி. பன்னிரண்டாவது கிணற்றில் இன்றைக்குக் காலையிலும் தண்ணீர் எடுத்திருப்பார்கள்.

நீங்கள் மூன்று முறை எழுதி மூன்று முறை கிழித்த அந்த வரியை நான்காவது முறை எழுதுங்கள். அதோடு சுவரில் ஒட்டுகிற ஈயத்தைப் பற்றியும், ஜனவரியில் எனக்கு எழுதியதுபோலவே. கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். குழுத் தலைவரின் முகவரியைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். கூடவே ஓர் உறையும் வைத்திருக்கிறேன், தபால்தலை ஒட்டி.

அதை அனுப்பிவிட்டு, உங்கள் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள். எண்ணாக எழுதுங்கள். அதுவரை நான் விசாரிக்கமாட்டேன்.

கடுகு